ஊட்டிக் காலையில் பிடிக்காத குவாலிஸ்: ஒரு புகார், மூன்று கோளாறுகள்

வண்டி 2003-ஆம் ஆண்டு டொயோட்டா குவாலிஸ். 2,446 சிசி, நான்கு சிலிண்டர், டர்போ இல்லாத டீசல் என்ஜின். ஓடியது 2.8 லட்சம் கிலோமீட்டர். இரவில் நிற்பது ஊட்டியில், மேலே தகரம் மட்டும் போட்ட திறந்த ஷெட்டில்.

நவம்பரில் குளிர் இறங்கியதிலிருந்து காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு நாலைந்து தடவை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. முதல் இரண்டு தடவை சைலன்சரில் புகையே வராது. மூன்றாவது தடவையிலிருந்து கண்ணைக் கரிக்கும் வெள்ளைப்புகை கிளம்பும். அதன்பின் என்ஜின் ஒன்றிரண்டு சிலிண்டரில் தடதடவென்று பிடித்து, ஒரு நிமிடத்தில் சீராகும். பிறகு நாள் முழுக்கச் சாவியைத் தொட்டாலே போதும். மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் இரவு நின்றால் மட்டும், காலையில் சற்று நீளமாகச் செல்ஃப் அடித்ததும் பிடித்துவிடுகிறது.

இதற்குள் செய்த செலவு: புது பேட்டரி ஒன்று, அக்டோபரில் மாற்றிய டீசல் ஃபில்டர் ஒன்று. பேட்டரி மாற்றிய முதல் வாரம் கொஞ்சம் தேவலை, பிறகு பழையபடி. இப்போது மலைக்காரர்களின் பழைய வழக்கப்படி வண்டியை இறக்கம் பார்த்து நிறுத்தி, காலையில் உருட்டி கியரில் விட்டு எழுப்புகிறார்கள். டைமிங் பெல்ட் உள்ள என்ஜினில் இது நல்லதல்ல. வயதான பெல்ட் அந்த வெட்டில் பல் தாண்டினால் வால்வும் பிஸ்டனும் மோதக்கூடும். அதோடு என்ஜின் பிடிக்கும்வரை பிரேக்குக்கு வேக்யூம் உதவி கிடையாது, பவர் ஸ்டியரிங்கும் கிடையாது.

புகாரிலேயே இருக்கும் தடயங்கள்

டீசல் என்ஜினுக்குத் தீப்பொறி இல்லை. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில்தான் எண்ணெய் பற்ற வேண்டும். அதற்கு வேண்டியது மூன்று: என்ஜின் போதிய வேகத்தில் சுற்ற வேண்டும், அறைக்குள் போதிய சூடு இருக்க வேண்டும், சரியான நேரத்தில் டீசல் வர வேண்டும். குவாலிஸ் என்ஜினில் டீசல் நேரே பிஸ்டன் தலையில் விழுவதில்லை. ஹெட்டில் உள்ள சிறு முன்னறையில் பீய்ச்சப்படுகிறது. அந்த அறையின் சுவர் குளிர்ந்திருந்தால் காற்றின் சூட்டை அதுவே குடித்துவிடும். அதனால்தான் இவ்வகை என்ஜின், அந்த அறையை மின்சாரத்தில் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கை இவ்வளவு நம்பியிருக்கிறது.

புகையைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரியும். செல்ஃப் சுற்றும்போது புகையே இல்லை என்றால் சிலிண்டருக்கு டீசல் வரவில்லை. வெள்ளைப்புகை வந்தால் டீசல் வருகிறது, பற்றவில்லை. இந்த வண்டியில் முதலில் புகை இல்லை, பிறகு வெள்ளைப்புகை. அதாவது ஒரே காலையில் இரண்டு குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக முகம் காட்டுகின்றன. மேட்டுப்பாளையத்தில் நீளமாகச் செல்ஃப் அடித்தால் பிடிப்பதும் இதற்குப் பொருந்துகிறது. கீழே போனால் சூட்டுக்குறை மறைகிறது, டீசல் தாமதம் மறைவதில்லை.

இந்த மாதிரிப் புகாரில் பெரிய சிக்கல், கோளாறு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் தென்படும் என்பது. என்ஜின் ஒருமுறை ஓடிவிட்டால் தடயம் அழிந்துவிடும். ஆகவே ஒவ்வொரு காலையும் எதைப் பார்க்கப் போகிறோம் என்று முந்தைய இரவே முடிவு செய்துகொள்ள வேண்டும். ஒரு காலைக்கு ஒரு கேள்வி, ஒரு மாற்றம். இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது. 

தேவைப்பட்டவை: சாதாரண மல்டிமீட்டர், டிசி ஆம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டர் (மலிவான கிளாம்ப் மீட்டர்கள் பெரும்பாலும் ஏசி மட்டுமே அளக்கும், கேட்டு வாங்க வேண்டும்), அரை மீட்டர் கண்ணாடி ஹோஸ் (உள்ளே ஓடுவது தெரியும் பிளாஸ்டிக் குழாய்), உப்புத்தாள், 12 எம்எம் ஆழமான பாக்ஸ் ஸ்பேனர், சாவி திருப்ப ஓர் ஆள். சக்கரத்துக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக் இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்துவிட்டே எல்லாம்.

முதல் காலை: சுற்றும் வேகம்

வெளிவெப்பம் 5 டிகிரி. பேட்டரி ஓய்வில் 12.5 வோல்ட், அந்தக் குளிருக்கு நல்ல அளவு. டீசல் பம்பில் உள்ள, டீசலைத் திறந்து மூடும் மின்வால்வான கட்-ஆஃப் சோலினாய்டின் ஒற்றை வயரைக் கழற்றி, முனையில் டேப் சுற்றி ஒதுக்கினோம். சாவி ஆனில் இருக்கும்போது அந்த முனையில் மின்சாரம் இருக்கும், இரும்பில் பட்டால் ஃபியூஸ் போகும். வயர் கழன்றிருந்தால் டீசல் வராது. என்ஜின் பிடிக்காமல் சுற்றும், நிதானமாக அளக்கலாம். செல்ஃப் ஒரு தடவைக்கு 10 நொடிக்கு மேல் வேண்டாம், இடையில் ஒரு நிமிடம் ஆறவிட வேண்டும்.

சுற்றும்போது பேட்டரி முனைகளில் 10.6 வோல்ட். 9.6-க்குக் கீழே போகாதவரை பேட்டரியைக் குறை சொல்ல முடியாது. ஆனால் காதுக்கே தெரிகிறது, சுற்றல் மந்தம். கிராங்க் புல்லியில் சாக்பீஸ் கோடு போட்டு, செல்போனில் ஸ்லோமோஷன் வீடியோ எடுத்து எண்ணியதில் 5 நொடிக்கு 12 சுற்று, அதாவது நிமிடத்துக்கு 144. குளிரில் இந்த வேகம் பற்றாது. அழுத்தம் மெதுவாக ஏறும்போது காற்று பிஸ்டன் ரிங் ஓரமாக நழுவுகிறது, சூடு சுவருக்குள் இறங்குகிறது.

பேட்டரி கொடுப்பது செல்ஃபுக்குப் போய்ச் சேரவில்லை என்றால் வழியில் எங்கோ தொலைகிறது. அதை அளக்கும் முறை எளிது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவ் ஈயத் தூணிலும், சிவப்பு முனையை என்ஜின் பிளாக்கின் சுத்தமான இரும்பிலும் பிடித்துச் செல்ஃப் அடிக்கச் சொல்ல வேண்டும். கிளாம்ப் மீது அல்ல, தூண் மீதே பிடிக்க வேண்டும். கிளாம்புக்கும் தூணுக்கும் இடையிலேயே கோளாறு இருக்கலாம். நல்ல வண்டியில் 0.2, மிஞ்சினால் 0.3 வோல்ட் வரும். இங்கே 1.6. பாசிட்டிவ் தூணிலிருந்து செல்ஃப் போல்ட்வரை 0.4, அதற்கு 0.5 வரை பொறுக்கலாம். 10.6 வோல்ட்டில் செல்ஃபுக்குக் கிடைத்தது 8.6 மட்டுமே.

பேட்டரி நெகட்டிவை இரும்போடு இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றியபோது, வயர் முனையில் உள்ள உலோக வளையமான லக்கின் அடியில் பச்சை பூத்திருந்தது. ரப்பர் உறையை ஓரங்குலம் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் கறுத்து, விரலில் பொடியாக உதிர்ந்தன. இப்படிப்பட்ட வயர் ஓம் மீட்டரில் சுழியம் காட்டும், டெஸ்ட் லாம்ப்பும் பளிச்சென்று எரியும். நூறு, இருநூறு ஆம்பியர் ஓடும்போதுதான் உண்மை வெளிப்படும். அதனால் எர்த்தைச் செல்ஃப் சுற்றும்போது மட்டுமே அளக்க வேண்டும், சும்மா நிற்கும்போது அளந்து பயனில்லை.

பேட்டரி நெகட்டிவிலிருந்து நேரே என்ஜின் பிளாக்குக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டோம். லக் அழுத்தி ஈயம் பாய்ச்சியது, உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, இறுக்கியபின் மேலே கிரீஸ் தடவியது. பாடிக்குப் போகும் சிறு எர்த்தையும் அப்படியே சுத்தம் செய்தோம். மறு அளவில் எர்த் பக்கம் 0.15, செல்ஃபுக்கு 9.9 வோல்ட், 5 நொடிக்கு 15 சுற்று. நிமிடத்துக்கு 180.

இரண்டாம், மூன்றாம் காலைகள்: டீசலையும் சூட்டையும் பிரிப்பது

இரண்டாம் காலை வேறெதையும் தொடாமல் ஸ்டார்ட் செய்ததில், ஐந்து தடவை அடித்த செல்ஃப் மூன்றாகக் குறைந்தது. முன்னேற்றம்தான். ஆனால் முதல் எட்டு நொடி புகையில்லை, பிறகு வெள்ளைப்புகை என்ற வரிசை அப்படியே இருந்தது. புது பேட்டரி போட்ட முதல் வாரம் தேவலையாக இருந்ததன் காரணமும் இங்கே விளங்குகிறது. எர்த்தில் தொலைந்ததை ஈடுகட்டச் சற்றுக் கூடுதல் பலம் கிடைத்தது, குளிர் கூடியதும் அதுவும் போதவில்லை.

மூன்றாம் காலை, சாவியைத் தொடும் முன் டீசல் ஃபில்டர் தலையில் உள்ள, கையால் அழுத்தி டீசலை ஏற்றும் ஹேண்ட் பம்பை அழுத்தி எண்ணினோம். இரவில் டீசல் தன் இடத்திலேயே நின்றிருந்தால் இரண்டு, மூன்று அழுத்தில் பம்ப் கல்லாக இறுகும். இங்கே 26 அழுத்து பிடித்தது. முதல் இருபதும் காற்றில் அழுத்துவது போலத் தொளதொளவென்று போயின. டீசல் இரவில் டேங்குக்குத் திரும்பிவிடுகிறது, அதன் இடத்தில் காற்று நிற்கிறது என்பது உறுதி.

பம்ப் இறுகியபின் ஸ்டார்ட் செய்தபோது முதல் நொடியிலிருந்தே வெள்ளைப்புகை. ஆனால் பிடிக்க ஏழு நொடி ஆனது. வேகம் இருக்கிறது, டீசலும் இருக்கிறது, பற்றவில்லை. எஞ்சியது சூடு. ஹேண்ட் பம்பை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்யும் இந்த ஒரு சோதனை, காசு செலவில்லாமல் இரண்டு குறைகளையும் தனித்தனியே பிரித்துக் கொடுத்துவிடுகிறது. கேரேஜுக்கு ஓடும் முன் யாரும் செய்து பார்க்கலாம்.

ஹீட்டர் பிளக்

டேஷ்போர்டில் சுருள் வடிவ விளக்கு எரிந்து அணைகிறது, ஆகவே ஹீட்டர் பிளக் நன்றாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்த விளக்கு டைமர் சொல்வதைக் கேட்கிறது. நான்கு பிளக்கும் செத்திருந்தாலும் அதே போல எரிந்து அணையும்.

சாவி ஆனில், பிளக்குகளை இணைக்கும் பட்டையில் 11.3 வோல்ட் வந்தது. ரிலேயும் ஃபியூசும் சரி. அதே பட்டைக்குப் போகும் வயரில் கிளாம்ப் மீட்டர் காட்டியது 27 ஆம்பியர். பிளக் ஒன்றுக்குச் சுமார் 13, 14 என்று நான்குக்கும் ஐம்பதைத் தாண்ட வேண்டும். பாதிதான் வருகிறது என்றால் பாதிதான் உயிரோடிருக்கிறது.

பட்டையைக் கழற்றி ஒவ்வொன்றாக அளந்தோம். மீட்டரின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் வரும் 0.3 ஓமைக் கழித்த பின் 1, 4-ஆம் பிளக்குகள் 0.8 ஓம். 2, 3 இரண்டும் முழு ஓப்பன், அதாவது உள்ளே கம்பி அறுந்தவை. மீட்டர் இல்லாதவர் 21 வாட் பல்பின் ஒரு வயரைப் பேட்டரி பாசிட்டிவில் மாட்டி, மறுவயரைப் பிளக் தலையில் தொடலாம். எரியாவிட்டால் பிளக் போயிற்று. எரிந்தால் கம்பி அறுபடவில்லை என்று மட்டுமே பொருள், நுனி சரியாகச் சிவக்கிறதா என்று அது சொல்லாது.

கழற்றுவதில்தான் கவனம் வேண்டும். குளிர்ந்த என்ஜினில் முரட்டுத்தனமாகத் திருகினால் பிளக் நடுவில் முறியும், பிறகு ஹெட்டைக் கழற்றும் அளவுக்குப் போய்விடும். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஒரு மணி நேரம் ஊறவிட்டு, என்ஜினைச் சூடாக்கி, ஆழமான பாக்ஸைப் போட்டு கால் திருப்பு முன்னும் பின்னுமாக அசைத்தே எடுக்க வேண்டும். மூன்றாம் பிளக்கின் துளையில் கரி இறுகியிருந்தது. மெல்லிய துளைக்கம்பியில் கிரீஸ் பூசிக் கையாலேயே சுழற்றி எடுத்தோம். கரி கிரீஸில் ஒட்டிவர, உள்ளே விழாது. எல்லாப் பிளக்கும் வெளியில் இருக்கையில், டீசல் வயர் கழன்ற நிலையில் இரண்டு நொடி செல்ஃப் அடித்தால் எஞ்சிய தூசு வெளியே வந்துவிடும். அப்போது துளைக்கு நேரே முகம் இருக்கக் கூடாது.

புதுப் பிளக் வாங்கும்போது பழையதன் மேல் பொறித்திருக்கும் வோல்ட்டைப் படித்துச் சொல்ல வேண்டும். பழைய டீசல் என்ஜின்களுக்கு ஆறு, எட்டரை, பதினொன்று, பன்னிரண்டு என்று பல வோல்ட்டில் பிளக் வந்திருக்கிறது. பார்க்க எல்லாம் ஒன்று போலிருக்கும். தாழ்ந்த வோல்ட் பிளக்கை 12 வோல்ட்டில் போட்டால் சில நொடியில் நுனி உருகி, சில சமயம் உடைந்து சிலிண்டருக்குள் விழும். இரண்டு போயிருந்தாலும் நான்கையும் மாற்றுவதே சரி. ஒரே வயதுடையவை, அடுத்த குளிருக்குள் மற்றவையும் போகும். இறுக்கம் 12 முதல் 15 நியூட்டன் மீட்டர் போதும், சிறிய ஸ்பேனரால் ஒரு கையில் நிறுத்துவதற்கு மேல் வேண்டாம்.

மாற்றியபின் மின்னோட்டம் 54 ஆம்பியரில் தொடங்கி, சூடேற ஏற 38-க்கு இறங்கியது. நான்காம் காலை, ஹேண்ட் பம்பை மறுபடி இறுகும்வரை அழுத்திவிட்டு ஸ்டார்ட் செய்ததில் இரண்டே நொடி. டீசல் பிரச்சினையைக் கையால் ஈடுகட்டிவிட்டே சோதித்ததால், இது முழுக்க ஹீட்டர் பிளக்கின் பலன் என்று சொல்ல முடிகிறது.

காற்று எங்கே நுழைகிறது

பலருக்கும் புரியாத இடம் இது: "டீசல் எங்கும் ஒழுகவில்லையே, பிறகு எப்படி ஏர் எடுக்கும்?" டேங்கிலிருந்து என்ஜினின் டீசல் பம்ப்வரை உள்ள பாதை உறிஞ்சும் பாதை. பம்ப் டேங்கைவிட உயரத்தில் இருக்கிறது. ஓடும்போது உள்ளே இழுவை இருப்பதால் ஓட்டை வழியே டீசல் வெளிவராது, காற்று உள்ளே போகும். நிறுத்தியபின் அதே ஓட்டை வழியே காற்று புகுந்து டீசலைக் கீழே இறக்கும். ஹேண்ட் பம்பில் உள்ள ஒருவழி வால்வு அதைத் தடுக்க வேண்டும், இருபது வருடத்தில் அதுவும் தேய்ந்திருக்கும்.

ஃபில்டருக்கும் பம்புக்கும் இடையே கண்ணாடி ஹோஸ் மாட்டி என்ஜினை ஓடவிட்டதில் பொடிக்குமிழ்கள் விடாமல் ஓடின. காற்று ஃபில்டரிலோ அதற்கு முன்போ நுழைகிறது. அடுத்து, டேங்கிலிருந்து வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்பைவிட உயரத்தில் கட்டிவைத்த 5 லிட்டர் கேனிலிருந்து ஃபில்டருக்கு டீசல் கொடுத்தோம். மிஞ்சிய டீசல் திரும்பி வரும் ரிட்டர்ன் ஹோஸும் அதே கேனுக்குள். ஓடவிட்டால் குமிழ் குறைந்தது, நிற்கவில்லை. டேங்க் குழாய் குற்றவாளி அல்ல. ஃபில்டர் தலைக்கும் கண்ணாடி ஹோஸுக்கும் இடையில்தான் விஷயம்.

ஹேண்ட் பம்ப் அழுத்தும்போது அதிலிருந்து டீசல் பம்ப்வரை உள்ள பகுதி முழுவதும் இழுவைக்குப் பதில் அழுத்தத்துக்கு வருகிறது. அப்போது காற்று நுழையும் ஓட்டையில் டீசல் கசியும். ஃபில்டர், அதன் அடியில் தண்ணீர் சேர்ந்தால் காட்டும் தண்ணீர் சென்சார், ஹோஸ் முனைகள் எல்லாவற்றையும் துடைத்து உலர்த்தி, ஒவ்வொன்றிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி, பம்பை இறுக அழுத்திவிட்டுப் பத்து நிமிடம் காத்திருந்தோம். சென்சாரைச் சுற்றிய தாள் மட்டும் நனைந்தது.

அக்டோபரில் ஃபில்டர் மாற்றியபோது பழைய ஃபில்டரின் சென்சாரைக் கழற்றிப் புதியதில் மாட்டியிருக்கிறார்கள். வழக்கம் அதுதான். ஆனால் தட்டையாகிப் போன பழைய ரப்பர் வளையத்தையே (ஓ-ரிங்) திரும்பப் போட்டுவிட்டார்கள். புகார் நவம்பரில் தொடங்கியதற்குக் குளிர் மட்டும் காரணமல்ல, குளிரில் விறைத்த ரப்பரும் சேர்ந்திருக்கிறது. டீசல் தாங்கும் நைட்ரைல் ஓ-ரிங்கை அதே அளவில் வாங்கி, டீசலில் நனைத்து, கையால் மட்டும் இறுக்கினோம். தண்ணீர்க் குழாய்க்கு விற்கும் சாதா ரப்பர் ஓ-ரிங் டீசலில் ஊதிப்போகும். இன்ஜெக்டர்களின் மேலுள்ள ரிட்டர்ன் ஹோஸ் துண்டுகளும் துணி நைந்திருந்ததால் அவற்றையும் மாற்றினோம்.

ஐந்தாம் காலை, 4 டிகிரி. ஹேண்ட் பம்பைத் தொடவில்லை. விளக்கு அணைந்ததும் சாவியைத் திருப்பினால் இரண்டு நொடியில் பிடித்தது, நான்கு சிலிண்டரும் சேர்ந்து. அணைத்த பின் ஆறவிட்டு ஹேண்ட் பம்பைச் சோதித்ததில் இரண்டாவது அழுத்தில் இறுகியது.

இந்த மூன்றும் சரியாக இருந்தும் பிடிக்காவிட்டால்

செல்ஃப் சுற்றாமல் "டிக்" என்று ஒரு சத்தம் மட்டும் கேட்டால், இந்த வகைச் செல்ஃபில் சோலினாய்டுக்குள் உள்ள செம்புத் தொடுமுனைகள் தேய்ந்திருக்கும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு மூடியைத் திறந்து இரண்டு முனைகளையும் பிளஞ்சரையும் மாற்றினால் போதும், முழு செல்ஃப் மோட்டார் வாங்க வேண்டியதில்லை.

புகையே வராமல், ஹேண்ட் பம்பும் இறுகியிருந்தால் கட்-ஆஃப் சோலினாய்டைப் பார்க்க வேண்டும். சாவி ஆனில் அதன் வயரை எடுத்து எடுத்துத் தொட்டால் ஒவ்வொரு முறையும் க்ளிக் கேட்க வேண்டும்.

எல்லாம் சரி, வெள்ளைப்புகை மட்டும் நிற்கவில்லை என்றால் டைமிங் பெல்ட் பல் தாண்டியிருக்கிறதா என்பதும், சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தமான கம்ப்ரஷனும் மிச்சம். இந்த என்ஜினுக்குப் புதிதில் சதுர சென்டிமீட்டருக்கு 32, குறைந்தபட்சம் 20 கிலோ, சிலிண்டர்களுக்கு இடையே வேறுபாடு 5-க்கு மேல் கூடாது. பெட்ரோல் வண்டியின் கேஜ் இதற்கு உதவாது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குதான், நல்ல என்ஜினும் கால் பங்கு குறைவாகவே காட்டும். அங்கே 23, 24 வந்தால் பதறி என்ஜினைப் பிரிக்க வேண்டாம், சிலிண்டர்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பார்க்க வேண்டும்.

ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிப்பது, எண்ணெய்த் துணியைக் கொளுத்தி ஏர் ஃபில்டர் வாயில் காட்டுவது இரண்டும் ஹீட்டர் பிளக் உள்ள என்ஜினில் கூடவே கூடாது. ஸ்ப்ரே ஆவி சிவந்த பிளக்கில் பட்டு, பிஸ்டன் மேலே வரும் முன்பே வெடிக்கும். பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையிலுள்ள மேடு உடைவது அப்படித்தான். இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும்போதும் கையை அருகே வைக்கக் கூடாது. நூறு பாரைத் தாண்டிய அழுத்தத்தில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். ஊசி குத்தியது போலத்தான் தெரியும், ஆனால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய காயம் அது.

சோதனை முடிந்ததும் கண்ணாடி ஹோஸைக் கழற்றிவிட்டு, பழைய இடத்தில் டீசல் ஹோஸையே கிளாம்புடன் மாட்டினோம். கண்ணாடி ஹோஸ் டீசலில் சில வாரத்தில் விறைத்துச் சுருங்கும், பிறகு அதன் முனையிலேயே ஏர் எடுக்கத் தொடங்கிவிடும்.